குத்துவிளக்கு பெட்டிக்குள் அடங்காதபோது: வீட்டுப் பட்டறை லேசர் மெஷினுக்கான பாதுகாப்பு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் எங்கள் வீட்டுக் கராஜில் 20 வாட் ஃபைபர் லேசர் மார்க்கிங் மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். எவர்சில்வர் குடம், பித்தளைச் சொம்பு, கல்யாணத்துக்குக் கொடுக்கும் குத்துவிளக்கு, இவற்றில் பெயர் வெட்டிக் கொடுப்பதுதான் வேலை. அந்தக் காலத்தில் பாத்திரக்கடை வாசலில் உளியும் சின்னச் சுத்தியலும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் கொத்துவார்களே, அதையே லேசர் அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறது.

சொம்பும் டம்ளரும் மெஷினோடு வந்த மூடிய பெட்டிக்குள் போய்விடும். மூன்றடிக் குத்துவிளக்கு போகாது. முதல் வருஷம் நான் என்ன செய்தேன் என்றால், பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விற்றவர் கொடுத்த பச்சைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெட்டினேன். ஒருநாள் வேலை ஓடும்போது கராஜ் கதவைத் திறந்துகொண்டு அக்கா மகன் உள்ளே வந்து, "மாமா, ஆயா சாப்பிடக் கூப்பிடுறாங்க" என்று நின்றான். வயது ஒன்பது, கண்ணில் ஒன்றும் இல்லை, எதிரே வளைந்த பளபளப்பான பித்தளை. அன்று அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி என் கண்ணாடியின் சட்டத்தில் இருந்த எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துப் பார்த்தபோதுதான், அது என் மெஷினின் ஒளிக்கான கண்ணாடியே இல்லை என்று தெரிந்தது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்குப் பிறகு நான் படித்து, கேட்டு, கையால் செய்து பார்த்தது. வரிசை முக்கியம். முதலில் பெட்டி, அடுத்து கதவு ஸ்விட்ச், அப்புறம் அறை, கடைசியில்தான் கண்ணாடி. நம்மில் நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

முதல் படி: மெஷினின் நான்கு விவரங்களை எழுதி ஒட்டுங்கள்

மெஷினின் பின்பக்கம் ஒரு தகடு இருக்கும். அதிலிருந்து நான்கு விஷயம் வேண்டும்: அலைநீளம் எத்தனை நானோமீட்டர், சக்தி எத்தனை வாட், ஒளி தொடர்ந்து வருகிறதா துடிப்பாக வருகிறதா, எந்த வகுப்பு. இவை தெரியாமல் ஒரு கண்ணாடிகூட வாங்க முடியாது.

நம் பட்டறைகளில் பொதுவாக மூன்று வகைதான் இருக்கும். உலோகத்தில் எழுதும் ஃபைபர் லேசர், 1064 நானோமீட்டர். அக்ரிலிக், மரப்பலகை, கல்யாணப் பத்திரிகை அட்டை வெட்டும் கண்ணாடிக்குழாய் கார்பன் டை ஆக்சைடு லேசர், 10,600 நானோமீட்டர். மேசையில் வைக்கும் சின்ன நீலநிற டயோடு லேசர், 445 முதல் 455 வரை. நீலம் கண்ணுக்குத் தெரியும், மற்ற இரண்டும் தெரியாது. மெஷினில் குறி பார்க்க வரும் சிவப்புப் புள்ளியைப் பார்த்து "இதுதான் லேசர், சும்மா கையில் பட்டால் ஒன்றும் ஆகாது" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வழிகாட்டும் சின்ன விளக்கு மட்டுமே, வெட்டுகிற ஒளி வேறு.

வகுப்பு என்பது ஐ.இ.சி. 60825-1 என்ற சர்வதேசத் தரத்தின் கணக்கு. 1-ஆம் வகுப்பு, சாதாரணப் பயன்பாட்டில் கண்ணுக்கு ஆபத்தில்லாதது. 2-ஆம் வகுப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, 1 மில்லிவாட் வரை, இமை தானாக மூடும் கால் விநாடிக்குள் கண் தப்பித்துவிடும். அதற்கு மேல் 3ஆர், 3பி, கடைசியில் 500 மில்லிவாட்டைத் தாண்டிய 4-ஆம் வகுப்பு. இந்த 4-ஆம் வகுப்பில் நேர் ஒளி மட்டும் அல்ல, சொரசொரப்பான பரப்பில் பட்டுச் சிதறும் ஒளிகூடக் கண்ணைக் கெடுக்கலாம், தோலைச் சுடும், தீ வைக்கும். என் 20 வாட் மெஷின் அந்த எல்லையைப்போல் 40 மடங்கு. ஆனால் அதே மெஷின் முழுக்க மூடிய பெட்டிக்குள், கதவு திறந்தால் நிற்கும்படி அமைந்திருந்தால் மொத்தக் கருவியும் 1-ஆம் வகுப்பாக விற்கப்படலாம். பெட்டியைக் கழற்றிய நொடியில் அது 4-ஆம் வகுப்பாகிவிடுகிறது, தகட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. நான் செய்த தப்பு அதுதான்.

ஃபைபரையும் டயோடையும் ஏன் தனியாகப் பயப்படச் சொல்கிறேன் என்றால், 400 முதல் 1400 நானோமீட்டர் வரையுள்ள ஒளி கண்ணின் லென்ஸ் வழியாகப் போய் விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிகிறது. அந்தக் குவிப்பு சுமார் 1 லட்சம் மடங்கு. விழித்திரைக்கு வலி தெரியாது; 1064 கண்ணுக்கும் தெரியாது, அதனால் இமையும் மூடாது. கார்பன் டை ஆக்சைடு லேசர் உள்ளே போகாமல் முன்பக்கக் கருவிழியையே சுடும், அது உடனே வலிக்கும். இரண்டுமே கெடுதல், ஆனால் முன்னது சத்தமில்லாமல் வரும்.

இரண்டாம் படி: பொருளுக்குத் தக்க பெட்டி

குத்துவிளக்கு அடங்கவில்லை என்றால் பெட்டியைப் பெரிதாக்குங்கள், கழற்றாதீர்கள். நான் 1.5 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில், உள்ளே நான்கடி நீளம் வருகிற மாதிரி அலமாரி ஒன்று அடிக்கச் சொன்னேன். லேசர் தலை மேலிருந்து ஏறி இறங்கும், விளக்கு கீழே மரக்கட்டை தாங்கியில் படுத்திருக்கும்.

செய்யும்போது கவனிக்கவேண்டியது இதுதான். பலகையோ பிளைவுட்டோ வேண்டாம், தீப்பிடிக்கும். தகடுகள் சேரும் இடத்தில் விளிம்போடு விளிம்பு வைக்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி மடித்து வையுங்கள். வயர் போகும் ஓட்டை, புகைக்குழாய் ஓட்டை எதிலும் உள்ளிருந்து வெளியே நேர்கோட்டில் பார்க்க முடியக் கூடாது, குழாய்க்கு ஒரு வளைவு கொடுத்தால் போதும். உள்பக்கம் மங்கலான பெயின்ட் அடியுங்கள். இங்கே ஒரு விஷயம், கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் 1064-க்குக் கறுப்பு அல்ல. கறுப்பு அனோடைஸ் செய்த அலுமினியம் அந்த ஒளியை நன்றாகவே திருப்பி அனுப்பும். செய்து முடித்ததும் லேசரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, உள்ளே பிரகாசமான டார்ச் ஒன்றை எரியவிட்டு, அறையை இருட்டாக்கி நாலு பக்கமும் சுற்றிப் பாருங்கள். கோடாக வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் லேசரும் கசியும் இடம். எனக்கு முதல் தடவை ஐந்து இடத்தில் கசிந்தது.

பார்க்கும் ஜன்னல் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. சாதாரணத் தெளிவான அக்ரிலிக் தகடு கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளியை விடாது, அதனால்தான் அந்த மெஷின்களின் மூடியில் அதைப் பார்க்கிறோம் (நேர் ஒளி தொடர்ந்து அடித்தால் அதுவும் உருகி ஓட்டையாகும், அது வேறு). அதே தகடு ஃபைபருக்கும் நீல டயோடுக்கும் ஜன்னலே இல்லாத மாதிரி. இரண்டும் அப்படியே ஊடுருவிப் போகும். ஃபைபருக்கு ஜன்னல் வேண்டும் என்றால் 1064-இல் எவ்வளவு தடுக்கிறது என்று எண் அச்சிட்ட தகடுதான் வாங்க வேண்டும், "பச்சையாக இருக்கிறது" என்பது கணக்கில் வராது. நான் ஜன்னலே வைக்கவில்லை. உள்ளே ஒரு மலிவான வெப்கேமரா, வெளியே பழைய மானிட்டர். எழுத்து கோணலாகப் போகிறதா என்று முகத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது.

மூன்றாம் படி: கதவு திறந்தால் ஒளி நிற்க வேண்டும்

இதைத்தான் இன்டர்லாக் என்கிறோம். கதவில் ஸ்விட்ச், திறந்ததும் லேசர் நிற்கும். ஆனால் எதை நிறுத்துகிறது என்று பாருங்கள். சில மலிவு மெஷின்களில் ஸ்விட்ச் கம்ப்யூட்டருக்கு ஒரு தகவல் மட்டும் சொல்லும், மென்பொருள் மனசு வைத்தால் நிறுத்தும். அது போதாது. ஸ்விட்ச் லேசர் சோர்ஸின் ஒளியையே நேரடியாகத் துண்டிக்க வேண்டும். பல ஃபைபர் சோர்ஸ்களில் 25 பின் கனெக்டரில் எமர்ஜென்சி ஸ்டாப்புக்கென்றே ஒரு பின் இருக்கும். எந்தப் பின் என்பது கையேட்டில் இருக்கும், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் செய்யுங்கள். கண்ணாடிக்குழாய் மெஷினில் உயர் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும், அந்தப் பக்கம் நீங்களே கை வைக்காதீர்கள்.

சாதாரணக் காந்த ஸ்விட்சை ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை வைத்தே ஏமாற்றிவிடலாம். ஏமாற்ற முடிந்தால், அவசரம் வரும்போது யாராவது ஏமாற்றத்தான் செய்வார்கள். அதனால் ஜோடிக் காந்தம் இல்லாமல் வேலை செய்யாத குறியீட்டு ஸ்விட்ச், அதுவும் ஒரு கதவுக்கு இரண்டு தனித்தனிச் சுற்று வாங்குங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது நிறுத்தும். வயரைச் சுற்றிக் கதவு ஸ்விட்சை வேலை செய்யாதபடி ஆக்கிவிட்ட மெஷினை எங்கே பார்த்தாலும் அங்கே நிற்காதீர்கள்.

இப்போது நம் நாட்டு விஷயம், லோட் ஷெட்டிங். மேலே சொன்ன அதே தரத்தில் 4-ஆம் வகுப்புக்கு ஒரு விதி இருக்கிறது. மெயின் மின்சாரம் 5 விநாடிக்கு மேல் போய்த் திரும்பினால், மனிதக் கை ஒரு பட்டனை அழுத்தினால் ஒழிய ஒளி தானாகத் திரும்ப வரக் கூடாது. 2023-இல் நாம் நாளுக்கு எத்தனை தடவை இருட்டில் உட்கார்ந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். கரண்ட் போனதும் கதவைத் திறந்து விளக்கைத் திருப்பி வைக்கக் கை உள்ளே போகும், அந்த நேரத்தில் கரண்ட் வந்தால்? என் மெஷினில் அந்த ரீசெட் கிடையாது. மெயின் ஸ்விட்சுக்குப் பின்னால் ஒரு காண்டாக்டர், அதாவது மின்சாரத்தாலேயே இயங்கும் ஸ்விட்ச், போட்டோம். மின்சாரம் போனால் தானே விழுந்துவிடும், பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் மறுபடி எடுக்கும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. பேட்டரி இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள்: லேசர் இன்வெர்ட்டரில் ஓடி, புகை இழுக்கும் ஃபேனும் தண்ணீர் சில்லரும் மெயினில் இருந்தால், கரண்ட் போனதும் லேசர் மட்டும் ஓடும், மற்றவை நின்றுவிடும். மூன்றும் ஒரே லைனில் இருக்கட்டும்.

கூடவே சாவி போட்டால் மட்டும் ஓடும் ஸ்விட்ச், ஒளி வரும்போது எரியும் எச்சரிக்கை விளக்கு, எட்டும் தூரத்தில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன். சாவியை மெஷினிலேயே தொங்கவிடாதீர்கள். என்னுடையது சமையலறை ஆணியில் இருக்கிறது.

நான்காம் படி: அறை

பெட்டியைத் திறந்து வைத்துச் செய்தே ஆகவேண்டிய வேலை, சர்வீஸ், உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளைச் சரிசெய்தல் போன்றவை வந்தால் அப்போது அறையே பெட்டி. எவ்வளவு தூரம் ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 வாட், 160 மில்லிமீட்டர் லென்ஸ், லென்ஸுக்குள் 7 மில்லிமீட்டர் ஒளிக்கற்றை, ஏதோ ஒரு தட்டையான பளபளப்பில் முழுசாகத் திரும்பினால் கண்ணுக்குப் பாதுகாப்பான தூரம் ஏறத்தாழ 16 மீட்டர். கராஜ் கதவு திறந்திருந்தால் அது பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டும்.

அதனால் கதவு பூட்டியிருக்கட்டும், அந்தக் கதவுக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கட்டும். 3பி, 4-ஆம் வகுப்பு மெஷின்களில் வெளிக் கதவை இணைக்கவென்றே ஒரு சாக்கெட் இருக்க வேண்டும், அதற்குத்தான். ஜன்னலுக்குச் சாதாரணத் திரைச்சீலை போதாது, இ.என். 12254 என்று குறித்த லேசர் திரை தனியாக வருகிறது, இல்லையென்றால் இரும்புத் தகடு அடித்து மூடிவிடுங்கள். வேலை செய்யும் உயரம் உட்கார்ந்தவர் கண்ணுக்கும் நின்றவர் கண்ணுக்கும் நேராக வரக் கூடாது. வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி வைக்க வேண்டும், தாலி சட்டைக்குள் போகட்டும். பளபளக்கும் எதுவும் ஒரு சின்னக் கண்ணாடிதான்.

ஐந்தாம் படி: இப்போது கண்ணாடி

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். ஐரோப்பியத் தரம் இ.என். 207. அதன்படி செய்த கண்ணாடியில் அலைநீளம், ஒளி வகை, தாங்கும் நிலை, செய்தவர் அடையாளம் எல்லாம் சட்டத்திலோ கண்ணாடியிலோ அழியாமல் பொறித்திருக்கும். "1064 டிஆர் எல்பி6" என்பது போல இருக்கும், எழுத்துகள் ஆங்கிலத்தில். டி என்றால் தொடர் ஒளி, ஐ என்றால் நீண்ட துடிப்பு, ஆர் என்றால் நானோவிநாடித் துடிப்பு, எம் அதைவிடக் குறுகியது. மார்க்கிங் மெஷின்கள் பெரும்பாலும் நானோவிநாடித் துடிப்பு, அதனால் டி மட்டும் போதாது, ஆர் என்ற எழுத்தும் வேண்டும். எல்பி எண் கண்ணாடி எவ்வளவு தடுக்கிறது என்பதோடு, அந்த ஒளி நேராக அடித்தால் சில விநாடிகளுக்கு ஓட்டையாகாமல் நிற்குமா என்பதையும் சொல்கிறது. அமெரிக்க முறையில் வரும் கண்ணாடிகளில் அலைநீளத்தோடு ஓ.டி. என்ற அடர்த்தி எண் மட்டும் இருக்கும். அது பத்தின் அடுக்கு: ஓ.டி. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே வரும், ஓ.டி. 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்களே உத்தேசம் போடலாம். இருட்டில் விரிந்த கண்ணின் பாப்பா (ஒளி உள்ளே போகும் துவாரம்) 7 மில்லிமீட்டர், அதன் பரப்பு 0.385 சதுர சென்டிமீட்டர். 20 வாட்டை அதால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 52 வாட். 1064-இல் கண்ணுக்கு அனுமதித்த அளவு, 10 விநாடிக்கு மேல் பட்டால், சதுர சென்டிமீட்டருக்கு 0.005 வாட். 52-ஐ 0.005-ஆல் வகுத்தால் 10,400, அதாவது பத்தின் நான்காம் அடுக்கைக் கொஞ்சம் தாண்டுகிறது. ஆக, ஓ.டி. 4 போதாது, 5 குறைந்தபட்சம், நான் 6 வாங்கினேன். இது உத்தேசம்தான், துடிப்பு நீளம், ஒரு துடிப்பின் ஆற்றல் இரண்டையும் எழுதிக் கொடுத்து, விற்பவரிடம் கணக்கை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குத் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

சந்தையில் "200 முதல் 2000 வரை எல்லாம் தடுக்கும்" என்று ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடிகள் வருகின்றன. அலைநீளத்துக்கு எதிரே எண் இல்லை, செய்தவர் பெயர் இல்லை என்றால் அது நிறம் போட்ட பிளாஸ்டிக், அவ்வளவுதான். அதைப் போட்டவன் ஒன்றும் போடாதவனைவிட ஆபத்தில் இருக்கிறான், ஏனென்றால் தைரியமாகக் குனிந்து பார்ப்பான். என்னையே சொல்கிறேன். லேசரைக் கண்ணாடிமேல் அடித்துப் பார்த்துச் சோதிக்கவும் வேண்டாம், அது கண்ணாடியைக் கெடுக்கும், விடையும் தராது.

இன்னும் சில. எவ்வளவு சாதாரண வெளிச்சம் உள்ளே வருகிறது என்ற எண்ணையும் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் அறை விளக்கைக் கூட்ட வேண்டும், இல்லையேல் தெரியவில்லை என்று நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். பவர் கண்ணாடி போடுபவர்களுக்கு அதன்மேல் மாட்டும் அகலமான வகை உண்டு. பக்கவாட்டிலும் மூக்கருகிலும் இடைவெளி இருக்கக் கூடாது. தின்னர், அசிட்டோன் வைத்துத் துடைக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும். பக்கி என்கிற பிக்கப் வண்டியின் டேஷ்போர்டில் டர்பன் வெயிலில் போட்டு வைத்தால் பிளாஸ்டிக் வகையின் சாயம் மெல்ல மங்கும். கீறல், வெடிப்பு, நிறமாற்றம் எது வந்தாலும் தூக்கிப் போடுங்கள். அறையில் எத்தனை பேரோ அத்தனை கண்ணாடி, ஒன்று கூட இருக்கட்டும். எவ்வளவு நல்ல கண்ணாடியானாலும் ஒளிக்கற்றையை நேராகப் பார்ப்பதற்கானது அல்ல.

கையில் பிடித்து வெல்டிங் செய்யும் 1500 வாட் ஃபைபர் இப்போது கேட் செய்யும் கடைகளுக்கும் வந்துவிட்டது. அதே கணக்கில் அதற்கு ஓ.டி. 6 குறைந்தபட்சம், 7 இருந்தால் நல்லது. சாதாரண வெல்டிங் ஹெல்மெட்டை நம்பக் கூடாது, தனி அடைப்பு இல்லாத இடத்தில் அதை ஓட்டவே கூடாது. முடி நீக்கும் பார்லர்களில் 755, 808, 1064 என்று வேறுவேறு தலை இருக்கும், தலைக்குத் தலை கண்ணாடி மாறும்; படுத்திருப்பவர் கண்ணுக்கு ஒளி புகாத மூடி தனியாக வேண்டும்.

புகைக்கு ஒரே ஒரு வரி சொல்கிறேன், அதை மட்டும் மறக்காதீர்கள்: பி.வி.சி., வினைல் எதையும் லேசரில் வெட்டக் கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலும் மெஷினும் இரண்டும் போகும். பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்று, மெஷின் ஓடும்போது ஆள் ஒருவர்.

சட்டம்

ஒரு பையனை வேலைக்கு வைத்தாலே நீங்கள் முதலாளி. 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, ஆபத்தை முதலில் நீக்கவோ குறைக்கவோ பார், அதற்குப் பிறகுதான் உடலில் மாட்டும் பாதுகாப்புக்குப் போ என்கிறது. நான் மேலே சொன்ன வரிசையும் அதுதான். கண்ணாடிக்கான காசை அவன் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது, இலவசமாகக் கொடுக்க வேண்டும். 1973-ஆம் ஆண்டின் அபாயப் பொருள்கள் சட்டத்தில் கதிர்வீச்சு தரும் மின்னணுக் கருவிகள் மூன்றாம் குழுவில் வரும், அவற்றைப் பார்த்துக்கொள்வது சாப்ரா என்ற அரசுச் சுகாதாரப் பொருள் கட்டுப்பாட்டு ஆணையத்தின் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுப் பிரிவு. மெஷினை இறக்குமதி செய்யும் முன், முதல் படியில் எழுதிய நான்கு விவரங்களையும் அனுப்பி, உங்கள் மெஷினுக்கு உரிமம் வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துறைமுகத்தில் பெட்டி வந்து நிற்கும்போது கேட்டால் சிரமம்.

காலையில் ஐந்து நிமிடம், கண்ணில் பட்டால் உடனே

தினமும் முதல் வேலை: கதவைத் திறந்து வைத்துவிட்டு, கண்ணாடியோடு தள்ளி நின்று, ஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள், ஓடக் கூடாது. சிவப்புப் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள், நிற்க வேண்டும். மெயினை அணைத்துப் போடுங்கள், பச்சைப் பட்டன் இல்லாமல் எழக் கூடாது. மூன்றில் ஒன்று தப்பினாலும் அன்று மெஷின் ஓடாது, கல்யாண வீட்டுக்காரர் வாசலில் நின்றாலும் சரி.

கண்ணில் பட்டதாகச் சந்தேகம் வந்தாலே, ஒரு மின்னல் மாதிரி தெரிந்தாலோ, பார்வையின் நடுவில் கறுப்புப் புள்ளி நின்றாலோ, நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, மெஷினை அணைத்துவிட்டு அன்றைக்கே விழித்திரை பார்க்கும் கண் மருத்துவரிடம் போங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம், வண்டியை வேறொருவர் ஓட்டட்டும், "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று படுக்க வேண்டாம். மருத்துவர் முதலில் கேட்பது எந்த அலைநீளம், எத்தனை வாட், துடிப்பா தொடரா என்றுதான். அந்த நான்கு விவரங்களையும் ஒரு அட்டையில் எழுதி என் கராஜ் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பிய்த்து எடுத்துக்கொண்டு ஓடும்படி, ஒரே ஒரு பின் குத்தி.